பாதி ஓட்டம், பாதி வீச்சு

ஒரு விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் யாருக்கும் பெரிய கேடு வருவதில்லை. அவன் ஓரத்தில் நின்று கைதட்டிவிட்டு, கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். கேடு வருவது அதைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் வாசித்தவனால். நான் அந்த ஒரு புத்தகத்தை இரண்டு தடவை வாசித்தவன்.

யாழ்ப்பாணக் கச்சேரியில் (பாட்டுக் கச்சேரி அல்ல, மாவட்ட அரச அலுவலகம்) பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். பிறகு மொன்றியலுக்கு வந்து, டோர்வலில் விமான நிலைய வேலியை ஒட்டியிருந்த ஒரு சரக்கு நிறுவனத்தில் ஆவணப் பிரிவுக்குப் பொறுப்பாளனாகி, அங்கேயே ஓய்வு பெற்றேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். (ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. அதைக் கெடுப்பானேன்?) அங்கே எது எப்படிச் செய்யப்பட வேண்டும் என்ற நடைமுறைக் கையேட்டை எழுதியவன் நான்தான். உயிருள்ள நண்டை எப்படி ஏற்றுவது, சவப்பெட்டியை எந்தப் பக்கம் தலைவைத்து ஏற்றுவது, இரண்டும் ஒரே விமானத்தில் போனால் எந்தத் தாளில் யார் கையொப்பமிடுவது என்பதெல்லாம் அதில் இருந்தது. ‘கிளாக்கர் அண்ணை’ என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

என் வாயில் எப்போதும் ஒரு சொல் இருந்தது: பேந்து. ‘பிறகு’ என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்.

“சோபாவை மாத்துவமே?” என்பாள் என் மனைவி றீற்றா.

“பேந்து.”

“உங்கட தங்கச்சிக்கு ரெலிபோன் எடுத்தனீங்களோ?”

“பேந்து.”

“இந்த மனிசன் செத்தாலும் மோட்ச வாசல்ல நிண்டு, பேந்து வாறன் எண்டுதான் சொல்லும்.”

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அந்த இலையுதிர் காலத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு சோதனை வந்தது.

எங்கள் நிறுவனத்தில் ஆண்டுதோறும் ஒரு சண்டை உண்டு. டிசம்பர் இருபத்து நான்காம் திகதி மாலை வேலை யாருக்கு? களஞ்சியப் பிரிவுக்கா, ஆவணப் பிரிவுக்கா? களஞ்சியத்தில் பெரும்பாலும் கியூபெக்காரர். நத்தார் இரவு விருந்துக்கு அவர்கள் வீட்டில் இல்லையென்றால் தாய்மார் ஈஸ்டர் வரைக்கும் கதைக்க மாட்டார்கள். எங்கள் பிரிவில் பெரும்பாலும் யாழ்ப்பாணம், மன்னார்க் கத்தோலிக்கர். எங்களுக்கு அன்று பூசை. தொடர்ந்து இரண்டு வருடம் நாங்கள்தான் மாட்டினோம். அந்த வருடம் என் மகள் ஷெரினுக்குப் பன்னிரண்டு வயது. மாலை ஏழு மணிப் பூசையில் பாலன் பாட்டைத் தனியாகப் பாட அவளைத் தெரிவு செய்திருந்தார்கள்.

“மூண்டாவது முறையும் வேலை எண்டு சொன்னீங்களோ,” என்றாள் றீற்றா, “பேந்து நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்லை.”

ஷெரின் அறைக்குள் போனாள். தன் வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து, நாட்காட்டிக்குப் பக்கத்து ஆணியில் கொழுவிவிட்டுப் போனாள். ஒக்டோபர் மாதத்தில்.

எங்கள் மேலாளர் பஃபலோக்காரர். (ஊரின் பெயர்தான்.) அமெரிக்கக் கால்பந்தில் பைத்தியம். “இந்த வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு பிரிவும் விளையாடுங்கள், தோற்றவர்கள் வேலை செய்யுங்கள்” என்று அறிவித்துவிட்டார். பக்கத்துக்கு ஏழு பேர். ஆளை ஆள் விழுத்தக் கூடாது. (விழுத்தினால் விபத்துப் படிவம் நிரப்ப வேண்டியவன் நான்.) அதற்குப் பதிலாக ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு துணிப்பட்டி தொங்கும். பந்து வைத்திருப்பவரின் பட்டியை உருவினால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும். அமெரிக்க முறைப்படி நான்கு முயற்சி. நான்குக்குள் பத்து யார், அதாவது பத்து கெஜத் தூரம் முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். கனடிய முறையில் மூன்றே முயற்சிதான். மூன்றை இரண்டால் வகுக்க முடியாது என்பதால் அதை நான் ஓர் ஒழுங்கான விளையாட்டாகவே மதிப்பதில்லை.

“இதுக்கு ஆர் பொறுப்பு எடுக்கிறது?” என்று எங்கள் பிரிவுக் கூட்டத்தில் கேள்வி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதாவது, நான்தான் எழுந்து நின்றேன்.

நாங்கள் இருந்த லாசால் பகுதி நூலகத்தில் புத்தகம் எடுத்தேன். அதில் ஓர் அத்தியாயம் என்னைக் கவர்ந்தது. முன்னேற இரண்டு வழி. ஒன்று, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. தூரம் குறைவு, நிச்சயம் அதிகம். மற்றது, முன்னால் ஓடும் ஆளுக்கு எறிவது. தூரம் அதிகம், நிச்சயம் குறைவு. ஓடிக்கொண்டே இருந்தால் எதிரணி முழுவதும் முன்னால் வந்து நெருங்கி நிற்கும். அப்போது அவர்களின் தலைக்கு மேலால் எறியலாம். எறிந்துகொண்டே இருந்தால் பின்னால் விலகி நிற்பார்கள். அப்போது நடுவால் ஓடலாம். ஆகவே ஓட்டமும் வீச்சும் சமநிலையில் இருக்க வேண்டும்.

சாதாரண மனிதன் இதை வாசித்தால், ‘எதிராளி எங்கே நிற்கிறான் என்று பார்’ என்று விளங்கிக்கொள்வான். நான் கச்சேரியில் வேலை செய்தவன். ‘சமநிலை’ என்ற சொல்லைக் கண்டதும் கோடு போட அடிமட்டத்தை எடுத்தேன். நான்கு முயற்சி, இரண்டு ஓட்டம், இரண்டு வீச்சு. ஓட்டம், வீச்சு, ஓட்டம், வீச்சு. கட்டம் போட்டேன். பதினொரு பக்கம் வந்தது. மொன்றியலில் அன்றுவரை எவரும் ஏன் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்யவில்லை என்று ஆச்சரியப்பட்டேன்.

இதற்கு உள்வீட்டுக் காரணமும் ஒன்று இருந்தது. எங்கள் ஓட்டக்காரன் யூட், மன்னார் ஆள். விமானத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே சரக்குத் தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாள் முழுவதும் ஓடுவதுதான் அவன் உத்தியோகம். பந்தையும் அப்படியே இடுக்கினான். எறிபவன் கார்த்திக், சென்னைக்காரன். கணினிப் பிரிவு என்றாலும் மேசை எங்கள் அறையில் இருந்ததால் எங்கள் கணக்கில் வந்தான். கல்லூரிக் கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட்டைக் குறிபார்த்து எறிந்த கை.

“அண்ணை, என்னட்டைத் தாங்கோ. நான் ஓடிக்கொண்டே இருக்கிறன். எறியிறது சூது,” என்றான் யூட்.

“சார், ஓடி ஓடி எப்ப சார் போய்ச் சேர்றது? நான் மூணு த்ரோல முடிச்சுத் தரேன்,” என்றான் கார்த்திக்.

“இரண்டு பேருக்கும் ஒரே அளவு,” என்றேன். பிள்ளைகளுக்கு மாம்பழம் வெட்டுவதுபோல.

கார்த்திக்குக்கு எங்கள் தமிழ் பாதிதான் பிடிபடும். சீக்கிரம் என்ற பொருளில் நான் ‘கெதியா’ என்றால், ‘கதியா, என்ன கதி சார்?’ என்று கேட்பான். நான் பொருட்படுத்தவில்லை. நல்ல நடைமுறை இருந்தால் பேச்சுக்கு என்ன வேலை?

ஆட்ட விதிகளையும் நானே எழுதிக் கொடுத்தேன். அதில் ஏழாம் விதி என் சொந்தச் சரக்கு: ‘அணிப் பட்டியலில் பெயருள்ள எவரும் எல்லைக்கோட்டுக்குள் நின்றால், அவர் ஆட்டக்காரராகவே கருதப்படுவார்.’ பட்டியலில் எட்டாவதாக என் பெயரைச் சேர்த்துக்கொண்டேன். இடையில் உள்ளே போய் ஆலோசனை சொன்னால் எவனும் வாயைத் திறக்கக் கூடாது அல்லவா? மேலாளர் வாசித்தார், கையொப்பமிட்டார். களஞ்சியத் தலைவன் மார்செலும் கையொப்பமிட்டான். பாரந்தூக்கி வண்டி ஓட்டுபவன், பனைமரம்போல உயரம். விதியை வாசித்தானா என்பது தெரியாது.

புவாண்ட்-கிளேரில் ஒரு பூங்கா. சனிக்கிழமை பிற்பகல். குளிர்காற்று. விமானங்கள் தலைக்கு மேலால் தாழ்ந்து இறங்கும் பாதை. றீற்றா மீன் பற்றிஸ் பொரித்துக்கொண்டு வந்திருந்தாள். ஷெரின் போர்வையைச் சுற்றிக்கொண்டு மடிப்புக் கதிரையில் இருந்தாள்.

முதல் முயற்சி, ஓட்டம். யூட் எட்டு யார் போனான். இரண்டாவது, வீச்சு. கார்த்திக் எறிந்தது எங்கள் ஆளின் கையில் கோவில் பிரசாதம்போல வந்து விழுந்தது. ஓட்டம், வீச்சு, ஓட்டம், வீச்சு. எதிரணிப் பக்கத்துக் கடைசிக் கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி. நான் என் கட்டத்தில் சரி அடையாளம் போட்டுக்கொண்டே போனேன். அந்தப் பத்து நிமிடம், கடவுள் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தபோது எப்படி உணர்ந்திருப்பார் என்று எனக்கு விளங்கியது.

அடுத்த தடவை பந்து எங்களிடம் வந்தபோது மார்செலின் உதடு அசைவதைக் கண்டேன். செபம் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு ஓட்டத்துக்கு முன் ஏழு பேரும் முன்னால் வந்து மதில்போல நின்றார்கள். யூட் அந்த மதிலில் மோதித் திரும்பினான். வீச்சுக்கு முன் ஏழு பேரும் பின்னால் போனார்கள். கார்த்திக் எறிந்தால் எங்கள் ஆள் ஒருவரைச் சுற்றி அவர்களில் மூன்று பேர் நின்றார்கள். பேரம் பேசுவதுபோல.

“அண்ணை, இப்ப எல்லாரும் முன்னுக்கு வந்து நிக்கிறாங்கள். மேலால எறிவம்,” என்றான் யூட்.

“இது மூன்றாவது முயற்சி. ஓட்டம்.”

“அது தெரியும் அண்ணை. அவங்களுக்கும் தெரியுது. அதுதான் பிரச்சினை.”

“நடைமுறையை இடையில் மாற்றக் கூடாது.”

“நடைமுறை வெல்லுமோ? நாங்கள் எல்லே வெல்லவேணும்!”

இடைவேளையில் மார்செல் தண்ணீர் குடித்துக்கொண்டு என் பக்கம் வந்தான். “மிஸ்யே,” என்று பிரெஞ்சில் ஐயா போட்டான், சுட்டுவிரலை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு. “டிக். டாக். டிக். டாக்.” வாயெல்லாம் சிரிப்பு. நான் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னேன். நேரம் கேட்கிறான் என்றுதான் நினைத்தேன்.

எப்படியோ பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று வந்து நின்றது. அது என் நடைமுறையால் அல்ல, களஞ்சியக்காரர்கள் பந்தை இரண்டு தடவை தாமாகவே தவறவிட்டதால். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இதுதான் கடைசி ஆட்டம்” என்று கத்தினார். பந்து எங்களிடம். கோட்டுக்கு இன்னும் நான்கே யார்தான். அது நான்காவது முயற்சி. என் கட்டத்தில்: வீச்சு.

மார்செலின் ஆட்கள் ஏழு பேரும் பின்னால் போய்க் கோட்டுக்கு அப்பால் பரவி நின்றார்கள். முன்னால் ஒரு குருவி இல்லை. நடுவே ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலைபோல வெளி. அந்த வெளியால் நான்கு யார் என்ன, மடிப்புக் கதிரையையும் தூக்கிக்கொண்டு நானே நடந்து போயிருப்பேன்.

திரும்பிப் பார்த்தேன். ஷெரின் போர்வையை விட்டு எழுந்து நின்றாள். றீற்றாவின் கையில் செபமாலை. அந்தக் கணத்தில், முப்பது வருட உத்தியோக வாழ்க்கையில் முதல்முறையாக, நான் நடைமுறையை மீறத் தீர்மானித்தேன். வீச்சு இப்போது வேண்டாம். யூட்டிடம் கொடு, அவன் ஓடட்டும்.

புத்தி வந்தது. அது கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம், ஏனென்றால் கார்த்திக்கின் கையில் ஏற்கெனவே பந்து போய்விட்டது. நான் ஓரக்கோட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டி, “பாஸ் பேந்து! இப்ப யூட்டிட்டைக் குடு! பாஸ் பேந்து! பேந்து!” என்று கத்தினேன்.

அதே நேரம் தலைக்கு மேலால் ஒரு விமானம் இறங்கியது.

கார்த்திக் திரும்பினான். அவன் கண்ணில் பட்டதை இன்று யோசித்தால் அவனைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. பொறுப்பாளர். பக்கத்தில் எதிராளி எவனும் இல்லை. இரண்டு கையும் மேலே. வாய் திறந்து மூடுகிறது. இரைச்சலுக்குள் அவன் காதில் விழுந்தது: “பாஸ்... பந்து! பந்து!”

கீழ்ப்படிவுள்ள பிள்ளை. எறிந்தான். எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட்டை எறியும் அதே கை.

பந்து என் மூக்குக்கண்ணாடியின் நடுவில் பட்டது. கண்ணாடி ஒரு பக்கம் போனது. நான் ஒரு பக்கம் போனேன். பந்து என் நெற்றியிலிருந்து நேரே மேலே எழும்பி, நிதானமாக இறங்கி, ஓடி வந்த மார்செலின் கையில் விழுந்தது. அவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கக் கோட்டை நோக்கிப் பறந்தான். யூட் துரத்தினான். கடைசியில் பாய்ந்து பட்டியைப் பிடித்தான். பட்டி கையோடு வந்தது. மார்செல் அதற்கு ஓரடி முன்னரே கோட்டைத் தாண்டியிருந்தான்.

கியூபெக்கில் கோபம் வந்தாலும் சந்தோசம் வந்தாலும் கோவில் சாமான்களின் பெயரைச் சொல்லித்தான் கத்துவார்கள். மார்செல் நற்கருணைப் பேழையின் பெயரைப் பூங்கா அதிரக் கத்தினான். புல்லில் கிடந்த யூட், பழக்கதோசத்தில் சிலுவை போட்டுக்கொண்டான்.

“செல்லாது!” என்றேன் நான், எழும்பாமலே. “பந்து ஓரத்தில் நின்ற ஆளில் பட்டது. ஆட்டம் அங்கேயே நின்றுவிட்டது.”

மேலாளர் சட்டைப்பையிலிருந்து விதித்தாளை எடுத்தார். ஏழாம் விதியைக் கண்டுபிடித்து, உரத்து வாசித்தார். குனிந்து என் கால் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்தார். ஓரக்கோட்டுக்கு இரண்டு யார் உள்ளே.

“நல்ல தெளிவான விதி,” என்றார். “எழுதியவர் யார்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த முறை நான் எழுந்து நிற்கவில்லை.

கார்த்திக் என் கண்ணாடியின் இரண்டு துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு ஓடி வந்தான். முகம் வெளிறியிருந்தது. “நீங்கதானே சார், பந்து பந்துன்னு கத்தினீங்க?”

“தம்பி, நான் சொன்னது பேந்து.”

“பேந்துன்னா?”

“பிறகு.”

“அப்ப, பிறகுன்னே முதல்லயே சொல்லிருக்கலாமே சார்!”

“முதல்லயே சொன்னால்,” என்றான் யூட், புல்லில் படுத்தபடியே, “அது எப்பிடியடா பேந்து ஆகும்?”

றீற்றா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்தால் அது அழுகை அல்ல.

மார்செல் அருகிலிருந்த தெப்பனர் என்கிற மூலைக்கடையில் ஐஸ்கட்டிப் பை வாங்கிக்கொண்டு வந்து என் நெற்றியில் வைத்தான். பக்கத்தில் குந்தியிருந்து, பாதி ஆங்கிலத்திலும் பாதி பிரெஞ்சிலும் சொன்னான்: “மிஸ்யே, சமநிலை உங்கள் தாளில் இருந்து பயனில்லை. இப்போது ஓடுவீர்களா எறிவீர்களா என்று நான்தான் தடுமாற வேண்டும். பத்துத் தடவை ஓடி ஒரு தடவை எறிந்தாலும் போதும். அந்த ஒன்று எப்போது வரும் என்று எனக்குத் தெரியக் கூடாது.”

பதினொரு பக்கத்தில் நான் எழுதாமல் விட்டதைப் பாரந்தூக்கி ஓட்டுபவன் மூச்சு வாங்கும் நேரத்தில் சொல்லி முடித்தான். அவன் சொன்னது சரி என்று நான் அங்கே ஒப்புக்கொள்ளவில்லை. (நெற்றி வலித்தது.)

டிசம்பர் பிறந்தது. கார்த்திக் ஒரு நாள் என் மேசைக்கு வந்தான். “சார், எனக்குத்தான் கிறிஸ்துமஸ் இல்லையே. இருபத்து நாலாம் தேதி உங்க வேலைய நான் பாத்துக்கறேன். நீங்க பாப்பா பாடறதைக் கேக்கப் போங்க.”

அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். உடனே கையேட்டைத் திறந்தேன். பணி மாற்றம், நான்காம் பந்தி: இருவரும் ஒரே பிரிவில், ஒரே தரத்தில் இருத்தல் வேண்டும். விதிவிலக்கு இல்லை. அதை எழுதியவனும் நான்தான். ‘விதிவிலக்கு இல்லை’ என்பதன் கீழே கோடு போட்டிருந்தேன்.

அந்த மாலை டோர்வலில் ஆவணங்களுக்குக் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தேன். மற்றப் பக்கத்து மேசையில் யூட். தவக்காலம் வரை என்னோடு கதைப்பதில்லை என்று அவன் ஏற்கெனவே அறிவித்திருந்தான். ஏழரை மணிக்கு றீற்றா கோவிலிலிருந்து கைத்தொலைபேசியில் எடுத்து, அதை உயர்த்திப் பிடித்தாள். ஒலிபெருக்கியைப் போட்டேன். என் மகளின் முதல் தனிப்பாடலில் எனக்குத் தெளிவாகக் கேட்டது பக்கத்து வாங்கில் இருந்தவரின் இருமல். இருமலுக்கு இடையில், மிகத் தூரத்தில், ஒரு மெல்லிய குரல் மேலே ஏறியது. அதைப் பிடித்துக்கொள்வதற்குள் மறுபடியும் இருமல்.

“அண்ணை,” என்றான் யூட், தவக்காலத்தை மறந்து. “வடிவாப் பாடுறாள்.”

அடுத்த நாள் காலை ஷெரினிடம் கேட்டேன். “அப்பாவுக்கு ஒருக்கால் பாடிக் காட்டுங்கோவன்.”

அவள் மேசையிலிருந்த தோடம்பழத்தை எடுத்தாள். “பேந்து, அப்பா!” என்று சொல்லி, என்னை நோக்கி எறிந்தாள்.

றீற்றா சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். (அதே பழைய சோபா.) அன்றோடு எங்கள் வீட்டில் அந்தச் சொல்லின் பொருள் மாறிவிட்டது. திறப்புக்கொத்து, உப்புப் போத்தல், சுற்றிய காலுறை, எதுவானாலும் ‘பேந்து’ என்ற குரல் முதலில் வரும். பொருள் பின்னால் வரும். நான் மட்டும் ‘பிறகு’ என்று அச்சுத் தமிழில் பேசப் பழகிக்கொண்டேன். லாசாலில் அப்படிப் பேசும் யாழ்ப்பாணத்தான் அநேகமாக நான் ஒருவன்தான். மார்செல் இன்றும் நத்தார் அட்டை அனுப்புவான். உள்ளே எழுத்து ஒன்றும் இராது, ஒரு மணிக்கூட்டின் படம் மட்டும் இருக்கும்.

ஷெரினுக்கு இப்போது நான்கு வயதில் ஒரு மகள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியும், ஆங்கிலம் கொஞ்சம் தெரியும், தமிழில் ஒரே ஒரு சொல் தெரியும். ஒவ்வொரு நத்தாருக்கும் நான் ஷெரினிடம் அந்தப் பாட்டைக் கேட்கிறேன், ஷெரின் ‘பேந்து’ என்று எதையாவது எறிகிறாள், சின்னவள் அதைப் பார்த்து வளர்கிறாள். அவள் அறிந்தவரை அந்தச் சொல்லுக்கு ‘பிடி’ என்று பொருள். கராதுரி என்கிற பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் அரைவாசிப் பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்துவிட்டாளாம். அவர்களின் ஆசிரியை, ‘பேந்து’ என்பது என்ன மொழி என்று ஷெரினிடம் விசாரித்தாராம்.

“பப்பி, பேந்து!” என்று (பப்பி என்றால் பிரெஞ்சில் தாத்தா) மாடிப்படியின் உச்சியில் நின்று அவள் கத்தும்போது, கையில் எதை வைத்திருக்கிறாள் என்று நான் பார்ப்பதில்லை. அதற்கு நேரம் போதாது. இதற்கும் ஒரு நடைமுறை எழுதி வைத்திருக்கிறேன், இரண்டே வரி. முதலில் கண்ணாடியைக் கழற்றவும். பேந்து கையை நீட்டவும்.